தென்னையில் கட்டிப் பார்த்த ஜெட் போட்

கண்ணையாவின் காது பெரியநாயக்கன்பாளையத்தில் பேர் பெற்ற காது. ஓடுகிற பம்ப்பின் பக்கத்தில் போய் நிற்பார், கண்ணை மூடுவார், "பேரிங் போச்சுங்க" என்பார். கழற்றிப் பார்த்தால் பேரிங் போயிருக்கும். அவரும் சகாயமும் கூட்டாக நடத்திய பழுது பார்க்கும் கடையில் கழற்றுவது, மாட்டுவது எல்லாம் சகாயம், கேட்பது கண்ணையா. அவர் கேட்டுத் தலையாட்டாமல் ஒரு பம்ப்பும் கடையை விட்டு வெளியே போனதில்லை.

காலம் முழுக்க ஊரான் தோட்டத்துக்குத் தண்ணீரை ஏற்றிவிட்ட மனிதர், ஒரு நாளாவது தண்ணீரின் மேல் உட்கார்ந்ததில்லை. மலையடிவாரத்து அணை ஒன்றின் கரையில் விடுதி நடத்தும் ஜெஃபின், அங்கே பம்ப் பார்க்கப் போனவரிடம் பேச்சுவாக்கில் ஒன்று சொன்னான். "ஜெட் போட் ஒண்ணு கொண்டாந்தீங்கன்னா, சவாரி விடறதை உங்களுக்கே குடுத்தர்றேனுங்க. எட்டுப் பேரை ஏத்திக்கிட்டு வேகமா ஓடோணும். அது ஒண்ணுதான்." ஜெட் போட்டுக்கு வெளியே சுழலும் விசிறி கிடையாது. அடியிலிருந்து தண்ணீரை உறிஞ்சிப் பின்பக்கம் பீய்ச்சி அடிக்கும். அந்த விசையில் முன்னால் பாயும். "அட, பம்ப்புதானுங்களே!" என்றார் கண்ணையா. அன்றைக்குப் பிடித்தது ஆசை. கடையில் தன் பங்கை சகாயத்துக்கே விட்டுக்கொடுத்துவிட்டு, அந்தப் பணத்தோடு பழைய போட் தேடிக் கிளம்பிவிட்டார்.

கொச்சிக்குப் போயிருக்கலாம். முகம் தெரியாத ஆளிடம் வாங்கினால் நாலு கேள்வி கேட்கலாம், குறை சொல்லலாம், வேண்டாம் என்று எழுந்தும் வரலாம். ஆனால் போட் இருந்தது பல்லடத்தில், சம்பந்தி சென்னகேசவன் வீட்டில். மகன் ஆசைப்பட்டான் என்று வாங்கிக் கொஞ்ச நாள் ஓட்டிவிட்டு, கோழிப்பண்ணைக் கொட்டகையில் தூசி அடைய விட்டிருந்தார். அந்த மகனுக்குத்தான் கண்ணையா தன் பெண் பிரத்யுஷாவைக் கொடுத்து இன்னும் வருஷம் திரும்பவில்லை.

இங்கே ஒரு பழைய வினையைச் சொல்லியாக வேண்டும். நிச்சயதார்த்தத்தன்று, தாம்பூலம் மாற்றிய கையோடு, சம்பந்தி வீட்டுக் கொல்லையில் ஓடிய போர் மோட்டாரைக் கேட்டுவிட்டு, "இது ஒரு மாசம் தாங்காதுங்க" என்று சபையில் சொல்லிப்போட்டார் இந்த மனிதர். மாசம் முடிவதற்குள் மோட்டார் எரிந்தது. சொன்னது பலித்ததைத்தான் அவர்களால் மன்னிக்க முடியவில்லை. அன்றிலிருந்து பிரத்யுஷா அந்த வீட்டில் காப்பியில் சர்க்கரை கம்மி என்று சொன்னால்கூட, "அப்பன் காது, மகளுக்கு நாக்கா வந்திருக்குது" என்று மாமியார் சிரிப்பார். சிரித்துக்கொண்டே சொல்வதை எங்கே போய்த் துடைப்பது? பெண் போனில் அழுததை மனைவி வரலட்சுமி கண்ணையாவிடம் சொன்னாள். "இனி அந்த ஊட்டுல எதைக் கேட்டாலும் வாயத் தொறக்காதீங்க. உங்க காலுல வேணா உழுகறேன்" என்று கண்ணீரும் விட்டாள்.

அந்தக் கண்ணீரோடுதான் கண்ணையா போட் பார்க்கப் போனார்.

போட்டைப் பண்ணைக் குட்டையில் இறக்கி, கரையில் இருந்த தென்னையில் கயிறு போட்டுக் கட்டியிருந்தார்கள். உறவுக்காரர்கள் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். என்ஜின் உறுமியது. தண்ணீர் எழும்பி மூன்றாவது வரிசைத் தென்னை வரைக்கும் அடித்தது. கோவைப் பக்கத்து ஆட்களுக்குத் தண்ணீர் தூரமாக அடித்துவிட்டால் போதும், பம்ப் நல்ல பம்ப். எல்லோரும் கை தட்டினார்கள்.

கண்ணையா கேட்டார். என்ஜின் சத்தத்துக்கு அடியில், ஜல்லிக்கல்லைத் தகர டப்பாவில் போட்டு உருட்டுவது போல இன்னொரு சத்தம். உள்ளே சுழன்று தண்ணீரைத் தள்ளும் இம்பெல்லரின் விளிம்பு அரித்துப்போய், சுற்றிலும் இடைவெளி விழுந்து, தண்ணீரைப் பிடிக்க முடியாமல் நுரையைக் கடைகிற சத்தம். கட்டியிருந்த கயிற்றைப் பார்த்தார். அத்தனை ஆர்ப்பாட்டத்துக்கும் கயிறு தொய்ந்தே கிடந்தது. இழுக்கிற பலம் இருந்தால் அது விறைத்து நிற்க வேண்டாமா? தண்ணீர் ஆகாயத்துக்குப் போகிறது, போட் எங்கேயும் போகாது. அவருக்கு அந்த நிமிஷமே தெரிந்துவிட்டது.

"ஒரு எட்டு டேம்ல எறக்கி, ஆளை ஏத்தி ஓட்டிப் பாத்துட்டமுன்னா..." என்று மெல்ல ஆரம்பித்தார்.

"பாத்தியா கண்ணு, உங்கப்பா ஆரம்பிச்சுட்டாரு!" என்றார் மாமியார். நாற்காலிகள் சிரித்தன. மோர் டம்ளர்களோடு வந்த பிரத்யுஷா நின்ற இடத்திலேயே நின்றுவிட்டாள்.

சென்னகேசவன் நல்ல மனிதர்தான். "ஏனுங்க சம்பந்தி, நீங்க பம்ப்புலயே பொறந்து வளந்தவரு. குறை எதாச்சும் இருந்தா கூச்சப்படாம சொல்லிப்போடுங்க" என்றார்.

நம் ஊர் மரியாதை இருக்கிறதே, அதைப் போலக் கழுத்தை நெரிக்கும் கயிறு வேறு கிடையாது. சொல்லுங்க என்பார்கள், சொன்னால் போயிற்று. கண்ணையா மகளின் முகத்தைப் பார்த்தார். அடியிலிருக்கும் சல்லடைக்குள் டார்ச் அடித்துப் பார்க்கவில்லை, இம்பெல்லரைக் கையால் தடவவில்லை, கொஞ்ச நேரம் ஓடியபின் உள்ளே தண்ணீர் கசிகிறதா என்றும் குனியவில்லை.

"சொக்கத்தங்கமுங்க" என்றார். கடைப் பங்கை விட்ட பணம் அங்கேயே கைமாறியது.

அணையில் ஜெஃபினின் ஆட்கள் எட்டுப் பேர் ஏறினார்கள். கண்ணையா விசையைக் கூட்டினார். என்ஜின் அலறியது, மீட்டர் முள் ஏறியது, போட் பின்பக்கம் அமிழ்ந்து, சேற்றில் படுத்த எருமையைப் போல முனகிக்கொண்டே கிடந்தது. பக்கத்தில் ஒரு புருஷனும் பெண்டாட்டியும் வாத்துப் படகைக் காலால் மிதித்துக்கொண்டு அவர்களைத் தாண்டிப் போனார்கள். அந்தப் பெண் கையை வேறு ஆட்டிவிட்டுப் போனாள்.

ஜெஃபின் கோபப்படவில்லை. "தப்பா எடுத்துக்காதீங்க. சீசன் வந்துருச்சு, வேற பார்ட்டியைக் கூப்பிட்டுட்டேனுங்க" என்றான். கரையேற்றிக் கழற்றிப் பார்த்தால் இம்பெல்லர் மட்டுமல்ல, அது சுழலும் கூடே வெடித்து, பசை வைத்து அடைத்துப் பெயின்ட் பூசியிருந்தது. யார் பூசியது என்று தெரியவில்லை. புதுக் கூடு எங்கிருந்தோ வர வேண்டும், வந்து சேரும்போது ஜெஃபினிடம் வேறு ஆளின் போட் ஓடிக்கொண்டிருக்கும். கண்ணையா கரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதார். வாழ்க்கையில் ஆசைப்பட்டது ஒன்று. அதையும் தெரிந்தே தன் வாயால் கெடுத்துக்கொண்டார்.

விஷயம் கேள்விப்பட்ட சகாயம் வீட்டுக்கே வந்தார். "போனாப் போகுதுண்ணா. நீங்க கடைக்கு வந்து டெஸ்டிங்ல உக்காருங்க. உங்க காது ஒண்ணு போதும், சம்பளம் குடுத்தர்றேன்" என்றார். மூழ்குகிறவருக்கு அது ஒன்றுதான் பிடி.

அந்த ஞாயிற்றுக்கிழமை பல்லடத்திலிருந்து கூப்பிட்டு அனுப்பினார்கள். கூடம் நிறைய ஆட்கள். சென்னகேசவனின் முகம் வாடியிருந்தது.

"போட் ஓடலைன்னு ஊரே பேசுது. நான் ஏமாத்திப்போட்டேன்னு சொல்றாங்களாம். உங்க முன்னாடிதானுங்களே ஓட்டிக் காமிச்சேன்? அன்னைக்கு எதாச்சும் சத்தம் கேட்டுதுங்களா? கேட்டும் சொல்லாம இருந்தீங்களா?"

கேட்டது என்று சொன்னால், உங்களுக்குப் பயந்து வாயை மூடினேன் என்று ஆகும். அந்தப் பயம் யாரால் வந்தது என்ற பேச்சு வரும். அந்தப் பேச்சு அவர் வீடு திரும்பியபின் பிரத்யுஷாவின் தலையில் விடியும். அவள் சமையலறை வாசலில் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"இல்லீங்க, கேக்கலீங்க" என்றார் கண்ணையா. "கொஞ்ச நாளாவே காது மந்தமுங்க எனக்கு. வெளிய சொல்ல வெக்கப்பட்டுக்கிட்டு இருந்துட்டேன். உங்க மேல ஒரு தப்பும் இல்லீங்க."

கூடம் உச்சுக் கொட்டியது. மாமியார்கூட, "அடப் பாவமே" என்றார். சென்னகேசவன் எழுந்து வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார். சாப்பாடு பலமாக நடந்தது. பிரத்யுஷாவின் முகத்தில் கல்யாணத்துக்குப் பிறகு அவர் பார்க்காத ஒரு தெளிச்சி. நம்பிவிட்டாள். பெற்ற பெண்ணே நம்பிவிட்டாள்.

கிளம்பும்போது வாசல் வரை கூட வந்தாள். அவர் தோளைத் தொட்டுத் திருப்பி, காதுக்குப் பக்கத்தில் வாயைக் கொண்டுவந்து, தெருவே திரும்பிப் பார்க்கும்படி கத்தினாள்.

"அப்பா! சகாயம் சித்தப்பாகிட்ட மாமா இப்பத்தான் போன்ல சொல்லிட்டாருங்க! உங்களுக்குக் காது கேக்கறதில்ல, டெஸ்டிங்ல உக்கார வெக்க வேண்டாமுன்னு! நீங்க ஊட்டுல ரெஸ்ட் எடுங்க! கேக்குதுங்களாப்பா?"

"கேக்குது கண்ணு" என்றார் கண்ணையா.

அவருக்குக் கேட்கவில்லையோ என்று அவள் இன்னும் ஒரு தடவை, இன்னும் சத்தமாகச் சொன்னாள்.