நீலம் வைத்துத் தைத்த குதிரைக் கையுறை

எங்கள் ஊர் ஐயனார் கொடுத்து வைத்தவர். அவருடைய குதிரைக்கு வருஷத்துக்கு ஒரு தடவை சுண்ணாம்பு அடித்தால் போதும். என் வீட்டுக்காரருக்கு வாய்த்தது சாணி போடும் குதிரை. போட்டதோடு விடாமல் அதிலேயே படுத்தும் புரளும்.

எழுபதுகளின் கடைசியில், டில்லியில் ஒரு பட்டாளத்துக் குதிரை லாயத்தில் அவருக்கு வேலை. அவர் பொறுப்பில் ஒரு வெள்ளைப் பெண் குதிரை இருந்தது. எப்படித் தேய்த்தாலும் அதன் விலாவில் மஞ்சள் கறை போகாது. பரேடில் அதிகாரி ஏற்கெனவே முகம் சுளித்திருந்தார். இந்தத் தடவையும் கறை தெரிந்தால் குதிரையை வேறு ஆளிடம் கொடுத்துவிட்டு, இவரைத் தீவனக் கிடங்குக்கு அனுப்பிவிடுவாராம். அதைச் சொன்ன அன்றைக்கு மனிதருக்குச் சோறு இறங்கவில்லை. நான் காய்ச்சலில் கிடந்தபோதுகூட ரசத்தை இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டவர்.

"ஏளா, சர்க்கார் பிரஷ் ஒண்ணுக்கும் உதவாது. மெஷின்ல ஒரு கையுறை தச்சுக் குடு."

சாக்கை அவர் கை அளவுக்கு வெட்டி, உள்ளே பழைய வேட்டித் துணி கொடுத்துத் தைத்தேன். வால் அழுக்காகாமலிருக்க நாடா வைத்து ஓர் உறையும் தைத்தேன். என் மகளுக்குக்கூட அவ்வளவு அழகாகப் பாவாடை தைத்ததில்லை. அப்போதுதான் அவருக்கு ஞானம் பிறந்தது.

"வேட்டி மஞ்சளடிச்சா நீ என்ன போடுத?"

"நீலம்."

"அதையும் உள்ள வச்சுத் தச்சிரு. தேய்க்கத் தேய்க்க வெளுத்துரும்லா?"

"வேட்டிய முக்கி அலசலாம். குதிரைய எந்த வாளியில முக்க?"

"சொன்னதச் செய்ளா."

நீலத்தைத் துணியில் முடிந்து, கையுறைக்குள் வைத்து, முருகனை வேண்டிக்கொண்டு தைத்துக் கொடுத்தேன்.

பரேடுக்கு முந்தின நாள் மத்தியானம் ஓடி வந்தார். முழங்கை வரை நீலம்.

"குதிரை கிருஷ்ண பரமாத்மா ஆயிட்டுளா!"

சிரித்துவிட்டேன். பிறகுதான் அவர் கண் கலங்கியிருந்ததைப் பார்த்தேன். வேட்டியில் நீலம் கூடிப்போனால் புளித்த மோரில் அலசுவது எங்கள் வீட்டு வழக்கம். அவருடைய பொங்கல் வேட்டியைக் கிழித்து அவசரமாக வேறொரு கையுறை தைத்தேன். ஒரு தூக்குவாளி மோருடன் இருவரும் லாயத்துக்கு ஓடினோம். அவர் தேய்த்தார். குதிரை மோரை நக்கியது. நான் முருகனிடம் சண்டை போட்டேன். "உனக்கென்னப்பா, உன் மயில் நீலமா இருந்தா எவன் கேப்பான்? இதை மட்டும் வெள்ளையாக்கிக் குடு."

சாயங்காலத்துக்குள் நீலத்தோடு அந்த மஞ்சள் கறையும் போய் மேலெல்லாம் வெளுத்துவிட்டது. அடிவயிறு மட்டும் நீலமாகவே இருந்தது.

மறுநாள் பரேடு முடிந்ததும் தொப்பியைக் கழற்றக்கூட மறந்து வீட்டுக்கு வந்தார். அதிகாரி வெள்ளைக் கைக்குட்டையால் குதிரையின் முதுகைத் துடைத்துப் பார்த்தாராம். அழுக்கே இல்லை. பிறகு கைக்குட்டையை முகர்ந்து பார்த்து, "யே கோடி ஹை யா தஹி படா?" என்றாராம். இது குதிரையா தயிர்வடையா என்று கேட்டுவிட்டு, குதிரையை இவரிடமே விட்டுவிட்டுப் போய்விட்டார்.

"அடிவயித்துல நீலம் இருந்துச்சே, பாக்கலையா?"

"அவரு குனிஞ்சால்லா பாக்கதுக்கு? அந்தத் தொப்பைக்குக் குனிய முடியுமா?"

முருகன் எந்த ரூபத்தில் வருவான் என்று யாருக்குத் தெரியும்? விளக்கேற்றி, அந்தத் தொப்பை நூறு வயது வாழ வேண்டும் என்று மனசாரக் கும்பிட்டேன்.