முதல் கட்டத்தில் குறைந்த இரண்டு எண்ணிக்கை

யுத்தம் தொடங்குவதற்கு முந்தைய வருஷம், ஆனி மாதத்து இரண்டாவது சனிக்கிழமை, ஆங்கில மெட்டுகளை இசைக் குறியீட்டோடு அச்சிட்ட ஒரு பாட்டுப் புத்தகம் எனக்குத் தபாலில் வந்தது. அப்போது நான் இராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையில் குமாஸ்தா. சனிக்கிழமைதோறும் மாலையில் ரயிலேறி ஸ்ரீவில்லிபுத்தூர் வந்து, எங்கள் சபையின் பாடகர் குழுவுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுப்பேன். என்னோடு சேர்த்து ஏழு பேர். கீர்த்தனைகளை ஆதியிலும் ரூபகத்திலும் தொடையில் தட்டிப் பாடுவது எங்களுக்குப் பழக்கம். ஆங்கில மெட்டுப் பாட்டுகள்தான் பிடிபடவில்லை. அடுத்த ஈஸ்டருக்குக் கோயிலுக்கு ஓர் ஆர்கன் வரப்போகிறது, அதனோடு இசைந்து பாடினால் குழு தொடரும், இல்லாவிட்டால் போர்டிங் பள்ளிப் பெண்பிள்ளைகள் பாடட்டும் என்று போதகர் சொல்லிவிட்டார்.

புத்தகம் சொன்ன விதி எளியது. வரியின் தொடக்கத்தில் மேலும் கீழுமாக இரண்டு எண்கள் இருக்கும். மேலே மூன்று என்றிருந்தால், இரண்டு நெட்டுக்கோடுகளுக்கு நடுவிலுள்ள ஒவ்வொரு கட்டத்துக்கும் மூன்று எண்ணிக்கை. அதிலிருந்த ஈஸ்டர் பாட்டை விரல்விட்டு எண்ணினேன். நடுவிலுள்ள எல்லாக் கட்டமும் சரியாக இருந்தது. முதல் கட்டத்தில் மட்டும் ஒன்று, கடைசிக் கட்டத்தில் இரண்டு.

பிழையைக் கண்டால் திருத்தாமல் விட எனக்கு வராது. இரண்டுக்கும் நேரே 'அச்சுப் பிழை' என்று ஓரத்தில் குறித்தேன். முதல் எழுத்தை மூன்று எண்ணிக்கைக்கு நீட்டினேன், கடைசியையும் நிரப்பினேன். ஏழு பிரதிகள் கையால் எழுதிக் கொடுத்தேன். ஒன்பது மாதம் அப்படியே பாடினோம். முதல் எழுத்தை இழுப்பது எல்லாருக்கும் பிடித்துப்போனது.

ஈஸ்டருக்குப் பத்து நாள் முன்பு, வியாழக்கிழமை, ஆர்கன் வாசிக்கிற டீச்சரம்மா பாளையங்கோட்டையிலிருந்து வந்தார். நான் லீவு போட்டுப் போனேன். முதல் வரியிலேயே ஆர்கன் முன்னே போய்விட்டது. அவர் ஆர்கனை மிதிப்பதை நிறுத்தினார்.

"ஆரம்பத்துல ஏன் இம்புட்டு இழுக்கீங்க?"

"மூணு எண்ணிக்கை வேணும்லா? புத்தகத்துல அச்சுப் பிழைம்மா."

அவர் பென்சிலால் முதல் கட்டத்தையும் கடைசிக் கட்டத்தையும் தொட்டுக் காட்டினார். "இங்க ஒண்ணு, அங்க ரெண்டு. கூட்டிப் பாருங்க, மூணு சரியா வரும். பாட்டு தட்டுக்கு முந்தியே எடுக்குது. நம்ம கீர்த்தனையில அப்படி எடுக்கிறதில்லையா?"

உண்டு. எத்தனையோ கீர்த்தனையை நானே அப்படி எடுத்துக் கொடுத்திருக்கிறேன்.

குழுவிலிருந்த தையற்காரர் சிரித்துவிட்டார். "அண்ணாச்சி, அச்சடிச்சவனையே திருத்திட்டீயளே!"

கூடப் பாடும் அவர் மனைவி சிரிக்கவில்லை. "ஒம்பது மாசமா இழு இழுன்னிய. இப்ப இழுக்காதன்னா வாயி கேக்குமா? பழைய மாதிரிதான் பாட்டு நல்லா இருக்கு."

"ஏட்டி, செத்த நேரம் சும்மா இரு."

"நான் சும்மா இருந்தா மட்டும் பாட்டு சரியாயிருமாக்கும்?"

மீதி ஒன்பது நாளும் பாடினோம். நாட்குறிப்பில் ஒவ்வொரு நாளுக்கும் எதிரே, எத்தனை முறை சரியாக எடுத்தோம் என்று எழுதி வைத்தேன். சனிக்கிழமை வந்தும் பாதிக்கு மேல் தேறவில்லை.

ஈஸ்டர் காலையில் முதல் சரணம் சரியாக வந்தது. சபையார் தலை நிமிர்ந்து பார்த்தார்கள். அந்தச் சந்தோஷத்தில் இரண்டாம் சரணத்தின் முதல் எழுத்தை இழுத்தோம். முதலில் இழுத்தவன் நான். மூன்றாம் சரணத்தில் டீச்சரம்மா எங்களுக்காகக் காத்திருந்தார். நாங்களோ அப்போதுதான் திருந்தி முந்திக்கொண்டோம். நான்காம் சரணத்தை அவர் தனியாக வாசித்து முடித்தார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பெண்பிள்ளைகள் பாடினார்கள், ஓர் எண்ணிக்கை பிசகாமல். நாங்கள் ஏழு பேரும் சபையாரோடு பெஞ்சுகளில் நின்று பாடினோம். எங்கள் குரல் மட்டும் பின்தங்கி வந்தது. ஆராதனை முடிந்ததும் போதகர் என் தோளைத் தொட்டு, "கொஞ்சம் சத்தத்தைக் குறைச்சுப் பாடுங்களேன்" என்றார்.

அறையில் தனியாகக் கதவைச் சாத்திக்கொண்டு இரண்டு வருஷம் முயன்றேன். புத்தகத்தைப் பார்த்தால் புரிகிறது. வாயைத் திறந்தால் இழுக்கிறது. கோயிலில் இப்போது உதட்டை மட்டும் அசைக்கிறேன்.