மணி அடித்தும் எழாதவர்

1. கீழே கையொப்பமிடும் நான், திருவனந்தபுரத்தில் வழக்கறிஞராகத் தொழில் புரியும் சிதம்பரநாதன். மறைந்த குத்துச்சண்டை வீரர் தங்கராஜ் அவர்களின் ஒப்பந்தங்களை எழுதிக் கொடுத்தவன். நேரில் கண்டதையும் அவர் வாயால் கேட்டதையும் மட்டுமே இங்கு சொல்கிறேன்.

2. சென்ற வாரம் நீதிமன்ற வராந்தாவில் என் குமாஸ்தா பத்திரிகையை நீட்டினார். "நம்ம தங்கராஜ் போயாச்சு, சாரே." தலைப்பு, 'ஒலிம்பிக் சாம்பியன் காலமானார்' என்றிருந்தது. இறப்பு உண்மை. பட்டம் உண்மையன்று. அதை மறுத்ததால் அவர் எதை இழந்தார் என்பதைச் சொல்லவே இதை எழுதுகிறேன்.

3. பொன்முடி மலைத் தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவர். பட்டாளத்தில் கையுறை அணிந்து, தேசிய சாம்பியன் ஆனார். எழுபதுகளின் தொடக்கத்தில் ஒலிம்பிக்கில் நாட்டுக்காக ஆடினார். முதல் சண்டையில் வென்றார். அடுத்ததில் புள்ளிகளில் தோற்றார். அவரை வென்றவரே பின்னர் தங்கம் பெற்றார்.

பட்டாளத்திலிருந்து வந்தபின் தொழில்முறைக்கு மாற விரும்பினார். கூலிக்கு ஆடியவரை அமெச்சூர் போட்டிகளில் மீண்டும் சேர்ப்பதில்லை என்பது அன்றைய விதி. "திரும்ப வழியில்லை, யோசித்தீர்களா?" என்றேன்.

"பொன்முடி ரோட்டிலே ஏறின பஸ்ஸு நடுவளைவிலே திரும்புமா, சாரே?" என்றார்.

4. பம்பாயிலும் கொழும்பிலும் ஆடியபின், திருவனந்தபுரம் கிழக்கேகோட்டைக்கு அருகே அவருடைய முதல் உள்ளூர்ப் போட்டி நடந்தது. ஏற்பாட்டாளர் பாஸ்கரன் நாயர், தொடர்ந்து பல ஊர்களில் ஆடுவதற்கான ஒப்பந்தத்தையும் ஆயத்தமாக வைத்திருந்தார். சுவரொட்டிகளில் 'ஒலிம்பிக் சாம்பியன்' என்றிருந்தது. திருத்துமாறு தங்கராஜ் முன்பே கேட்டிருந்தார். அறிவிப்பாளரோ ஒலிபெருக்கியிலும் அதையே முழங்கினார்.

மணி அடித்தது. எதிராளி நடுவே வந்தார். தங்கராஜ் மூலையிலிருந்த ஸ்டூலை விட்டு எழவில்லை. மணிக்கு எழாதவர் தோற்றவர் என்பது விதி. நடுவர் அவரை நோக்கி நடந்தார். நாயர் ஓடிவந்தார்.

"எழும்பு, தங்கராசே! ஒரு வார்த்தைதானே, அதுக்கு வரியா கட்டணும்?"

"அது செயிச்சவன் பட்டம், அண்ணாச்சி. ரிங்கிலே தோக்கடிக்க முடியாதவனைப் போஸ்டர்லே தோக்கடிக்கவா?"

"இனி என்கிட்டே உனக்கு ஒரு சண்டையும் கிடையாது, பாத்துக்கோ!"

"சரி. இப்போ திருத்தச் சொல்லுங்க."

ஒலிபெருக்கியில் திருத்தினார்கள்; நடுவர் மீண்டும் மணி அடிக்கச் சொன்னார். கூட்டம் கூவி ஏளனம் செய்தது. தங்கராஜ் எழுந்து, ஆடி, வென்றார். அந்த ஒப்பந்தம் கையெழுத்தாகவில்லை, வேறெவரும் அழைக்கவுமில்லை. வித்துராவிலிருந்து தோட்டத்துக்கு லாரி ஓட்டினார். அதைப்பற்றி அவர் குறைபட்டு நான் கேட்டதில்லை.

5. அடக்கத்தன்று வித்துராக் கல்லறைத் தோட்டத்தில், யாரோ வைத்த மலர்வளையத்தின் நாடாவில் மீண்டும் அதே பட்டம். தடியூன்றி வந்திருந்த பாஸ்கரன் நாயர் அதைப் படித்தார். குனிந்து, நாடாவைக் கழற்றி மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

"இதை எடுக்காட்டி, மேலே பேரு விளிச்சாலும் இவன் எழும்பமாட்டான், தங்கச்சி" என்றார்.

தங்கராஜின் துணைவியார் ரோசம்மாள் அழுகையினூடே சிரித்துவிட்டார்.

6. மேற்கண்டவை நான் அறிந்தவரை உண்மை. போய் வாருங்கள், தங்கராஜ். அறிவிப்பைத் திருத்தியாயிற்று, இனி எழலாம்.

(ஒப்பம்)
சிதம்பரநாதன், வழக்கறிஞர்

சாட்சிகள்:
ரோசம்மாள், வித்துரா
பாஸ்கரன் நாயர், அன்றைய போட்டியின் ஏற்பாட்டாளர்