பவுண் மட்டும் மங்களமோ

என் பெரியம்மா விமலேஸ்வரிக்குக் கோபம் வந்தால் குரல் உயராது, கை வேகமாகும். அன்று ஞாயிற்றுக்கிழமை காலை, குசினிக்குள் அவர் வெங்காயம் வெட்டிய வேகம் விறாந்தை வரைக்கும் கேட்டது. அங்கே செல்வநாயகம் மாமா கதிரையில் சாய்ந்திருந்து, அண்ணாவுக்கும் வினோஜாவுக்குமான கலியாணத்தைத் தொடக்கிவைத்துக்கொண்டிருந்தார்.

மாமா அம்மாவுக்கும் பெரியம்மாவுக்கும் மூத்தவர். யாழ்ப்பாணத்திலிருந்து முதல் பஸ்ஸில் உருத்திரபுரத்துக்கு வந்திருந்தார். ஐயரிடம் நாள் பார்த்தாயிற்று. ஐப்பசியில், வருகிற வெள்ளிக்கிழமை பொன்னுருக்கு. அது முடியாமல் எங்கள் பக்கத்தில் மண்டபம் பேசமாட்டார்கள், கார்ட் அடிக்கமாட்டார்கள். மாப்பிள்ளை வீட்டில், எல்லோர் கண்முன்னாலும், ஆசாரியார் நெருப்பு மூட்டித் தாலிக்குரிய பொன்னை உருக்கவேண்டும். கலியாணம் அந்த நெருப்பில்தான் தொடங்குகிறது.

"பவுண் எடுத்தாச்சோ?" என்று கேட்டார் மாமா.

பெரியம்மா கை கழுவிவிட்டு வந்து, அலுமாரியிலிருந்து சிவப்புத் தாளில் சுற்றிய பவுணை எடுத்துக் கொடுத்தார். சிறுபோக நெல் விற்று வாங்கியது. மாமா அதை உள்ளங்கையில் உருட்டிப் பார்த்தார்.

"அருமையான பவுண். விமலம், நீ கெட்டிக்காரியடி."

பெரியம்மா திரும்பவும் குசினிக்குள் போனதும் மாமா அதே வாயால் சொன்னார்: "பொன்னைத் தொட்டு வாழ்த்த ஒற்றைப்படையில சுமங்கலியள் வேணும். அஞ்சு பேர் காணும். என்ர மனிசி, நாகேஸ், மற்றது அயலுக்க மூண்டு பேர். விமலம் குசினியைப் பாக்கட்டும். அவளைப்போல ஆர் சமைப்பினம்?"

புகழ்ச்சியால் ஒருவரை இவ்வளவு சுத்தமாக அறைக்குள் தள்ளிக் கதவைச் சாத்தலாம் என்று அன்றுதான் கண்டேன்.

நாகேஸ் என்றது அம்மாவை. அம்மா நிமிர்ந்து பார்த்தா. "நானோ? நான் என்னண்டு அண்ணை சுமங்கலி?"

"ஏன், மச்சான் வவுனியாவில உயிரோடதானே இருக்கிறான்?"

"இருக்கிறார். இன்னொருத்தியோட இருக்கிறார்."

"அது வேற கதை. சாத்திரத்துக்கு ஆள் இருந்தாக் காணும்."

குசினிக்குள் வெட்டும் சத்தம் நின்றது. பெரியம்மா நிலையைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றார்.

"அண்ணை, என்ர பவுண் மட்டும் மங்களமோ?"

"உதென்ன விசர்க்கதை? நான் கொண்டுவந்த வழக்கமே உது? நாளைக்குப் பிள்ளைக்கு ஒண்டு நடந்தா ஆர் பொறுப்பு?"

பெரியம்மா அண்ணாவைப் பார்த்தார். அண்ணா போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். போனில் வெளிச்சம் இல்லை.

பிள்ளைக்கு ஒன்று நடந்தால். நடந்தவற்றை மாமா யாழ்ப்பாணத்திலிருந்து கேள்விப்பட்டார், அவ்வளவுதான். போரின் கடைசிச் சண்டையில் பெரியப்பாவைப் புதைத்த கையோடு அண்ணாவை இழுத்துக்கொண்டு ஓடியவர் பெரியம்மா. முகாமில் அவன் வயிற்றோட்டத்தில் கிடந்தபோது தண்ணீர் வரிசையில் சண்டைபிடித்தவர் பெரியம்மா. அம்மா என்னை வயிற்றில் சுமந்திருந்தா; அண்ணா பெரியம்மாவின் பிள்ளையானான். மீளக் குடியேறிய பிறகு அப்பா லொறி ஓடப் போய் வவுனியாவிலேயே தங்கிவிட்டார். அம்மா ஆடைத் தொழிற்சாலைக்குப் போனா. பெரியம்மா லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தைப் பிடித்து உழப் பழகினார். வரம்பில் நின்று ஆம்பிளைகள் சிரித்தார்கள்.

"விமலமக்கா, பிரேக் எங்க இருக்கெண்டு தெரியுமோ?" என்று பக்கத்து வயல் பாலன் கத்தினார்.

"தெரியும். உன்ர வாயில பூட்ட மறந்திட்டாங்கள்."

அடுத்த போகம் பாலன் தன் வயலையும் அவரைக்கொண்டே உழுவித்தார். ஊரில் யாருடைய மண்ணிலும் பெரியம்மா முதலில் இறங்கலாம். அந்த நெல்லில் பொங்கலாம், அந்தச் சோற்றைப் படைக்கலாம். சொந்த வீட்டு விறாந்தைக்கு மட்டும் அவர் வரக்கூடாதாம். இதை எழுதும்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

மாமா போனதும் பெரியம்மா அண்ணாவின் முன்னால் வந்து நின்றார்.

"அந்தாள் சொன்னது எனக்கு நோகேல்லயடா. அந்தாள் அப்பிடித்தான். நீ போனைப் பாத்தாய் பார்."

"இல்லைப் பெரியம்மா... வினோஜா வீட்டுக்காரர் என்ன நினைப்பினமோ எண்டு..."

"அவையைக் கேட்டனியோ?"

"இல்லை."

"ஒண்டுமே கேக்காத சனத்துக்குப் பயந்து என்னைக் குசினிக்குள்ள விடுறாய்."

மாமா வைத்துவிட்டுப் போன பவுணை எடுத்து அவன் சேர்ட் பொக்கற்றில் போட்டார். "குடுத்தது குடுத்ததுதான். உருக்கு. குசினிக்கு மட்டும் வேற ஆளைப் பார்."

வெள்ளிக்கிழமை வந்தது. அக்கராயனிலிருந்து பெண் வீட்டார் வந்து பாயில் இருந்தார்கள். மாமி குசினிக்கும் விறாந்தைக்குமாக ஓடினா. ஆசாரியார் உமிச்சட்டியில் கரியைப் பற்றவைத்தார். நிறைகுடம், குத்துவிளக்கு, தட்டில் வெற்றிலைமேல் பவுண். அப்போது வீட்டுப் பின்வளவுக்கு அப்பால், எங்கள் வயலில், லான்ட்மாஸ்டர் உறுமத் தொடங்கியது. ஆசாரியார் கேட்டது மாமாவுக்கு விளங்கவில்லை. மாமா சொன்னது ஒருவருக்கும் விளங்கவில்லை.

"வேணுமெண்டு செய்யிறாள்!" மாமா என் காதுக்குள் கத்தினார். "போய் நிப்பாட்டச் சொல்லடா!"

நான் தூணோடு நின்றேன். போகவில்லை.

லான்ட்மாஸ்டர் வயலின் மறுகரைக்குப் போய்ச் சத்தம் கொஞ்சம் தணிந்தபோது, அம்மா கையிலிருந்த ஆலாத்தித் தட்டை நிலத்தில் வைத்தா. "எனக்கு மனிசன் இல்லை அண்ணை. என்னை எடுத்திட்டு எண்ணுங்கோ."

"ஐயோ, நாலு ஆகாது!" என்றா மாமி. "ஆசாரியார், கொஞ்சம் பொறுங்கோ!"

"நான் பொறுப்பன். நேரம் பொறுக்காது," என்றார் ஆசாரியார், ஊதுகுழலை வாயிலிருந்து எடுத்து.

வினோஜாவின் தாய் எட்டி வயலைப் பார்த்தா. "தம்பி, ஆர் அது உழுறது?" என்று அண்ணாவிடம் கேட்டா. குத்தலாகக் கேட்கவில்லை. தெரியாமல்தான் கேட்டா.

அண்ணா வயலைப் பார்த்தான். "என்னை வளத்தவா," என்றான்.

சொன்ன பிறகு அவனால் இருக்க முடியவில்லை. பவுணைத் தட்டோடு தூக்கிக்கொண்டு எழும்பினான். பட்டு வேட்டியோடு சேற்றுக்குள் இறங்கினான். வயல் நடுவில் அவன் வாய் அசைவது தெரிந்தது. பெரியம்மா இயந்திரத்தை நிறுத்தினார். அதன்பிறகு எல்லாம் கேட்டது.

"இப்பதான் வாய் வந்ததோ?"

"ஓம்."

"பொம்பிளை வீட்டுக்காரர் வந்திட்டினமோ?"

"ஓம், இருக்கினம்."

"அப்ப அவைக்கும் கேக்கச் சொல்லு."

"பெரியம்மா, நீங்கள் வந்து பொன் எடுத்துக் குடுங்கோ!"

"உந்தச் சத்தம் வரம்பு தாண்டாது."

அண்ணா திரும்பவும் கத்தினான். இந்த முறை குரல் உடைந்தது.

பெரியம்மா முழங்கால் வரை சேற்றோடு விறாந்தையில் ஏறினார். கால் கழுவவில்லை. மாமா வழியில் நின்றார். "நல்ல நேரம் முடியப்போகுது," என்று முணுமுணுத்தார்.

"அப்ப தள்ளி நில்லுங்கோ."

மாமா தள்ளி நின்றார். பெரியம்மா பவுணை எடுத்து நீட்டினார். ஆசாரியார் இரண்டு கையாலும் வாங்கினார். அவருக்குத் தேவை நெருப்பு ஆறமுதல் பொன் வருவதுதான். பவுண் சிவந்தது, நெளிந்தது, ஒரு துளியாகச் சுருண்டது. அது ஆறியதும் வெற்றிலையில் வைத்து ஒவ்வொருவருக்கும் காட்டினார்கள். பெரியம்மா குனிந்து பார்த்தார்.

"சின்னனாப் போச்சு."

"உருகினா அப்பிடித்தான் விமலம்," என்றார் மாமா சமாதானமாக.

"நான் பொன்னைச் சொல்லேல்ல," என்று பெரியம்மா மாமாவை ஏற இறங்கப் பார்த்தார்.

வினோஜாவின் தாய் தலைப்பால் வாயைப் பொத்திச் சிரித்தா. பெரியம்மா அவவுக்குப் பக்கத்தில் பாயில் இருந்து, மண்டபம் பார்க்க எப்போது போகலாம் என்று கேட்டார். மதியம் வரை இருவரும் பூ, பந்தல், சாப்பாடு என்று கதைத்தார்கள்.

அண்ணா சேறு காய்ந்த வேட்டியோடு சுற்றிச் சுற்றி வந்தான். அவனோடு மட்டும் அன்று முழுக்க அவர் ஒரு சொல்லும் கதைக்கவில்லை.