செல்வம் கொடுத்த பெப்பர்மின்ட்

ஷூ லேஸ் கட்டக் குனிந்தபோதுதான் அது முதலில் வந்தது. நெஞ்சுக்குழியிலிருந்து தொண்டைவரை ஒரே எரிச்சல். வெளியே கம்பெனி பஸ் ஹார்ன் அடித்துக்கொண்டிருந்தது. ஒரு மடக்குத் தண்ணீர் குடித்துவிட்டு ஓடிப்போய் ஏறிக்கொண்டேன்.

வளைகுடாவில், சோனாப்பூர் தொழிலாளர் கேம்பில் பதினோரு வருடமாக இருக்கிறேன். கட்டடங்களுக்குச் சாரம் கட்டுவது வேலை. நாற்பத்தாறு வயதில் நெஞ்சில் ஏதாவது என்றால் மனம் நேராக இதயத்துக்குத்தான் போகிறது. அப்படியொன்று ஃபைலில் பதிவாகிவிட்டால் உயரத்தில் ஏற விடமாட்டார்கள்; கலாஸ், எல்லாம் முடிந்தது, ஊருக்கு டிக்கெட்தான். அதனால் வாயைத் திறக்கவில்லை. என்னைப்போல வாயை மூடிக்கொண்டிருக்கும் யாரோ ஒருவருக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

அப்போது கீழ்க்கட்டிலில் படுத்த செல்வத்திடம் மட்டும் மறைக்க முடியவில்லை. சிவகங்கைக்காரன், என்னைவிட ஆறு வயது இளையவன். மேலே நான் புரண்டால் கீழே அவன் விழித்துக்கொள்வான். சும்மா கேஸ் என்று சொல்லிவைத்தேன். அன்றிலிருந்து என் வயிறு அவன் பொறுப்பாகிவிட்டது. கிரோசரியில் பெப்பர்மின்ட் டீ வாங்கி வந்தான். புதினா இனம்தான்; குளிர்ச்சியும் காரமும் கூடுதல். சாப்பிட்டுத் தட்டைக் கழுவி வருவதற்குள் டம்ளரில் ஆவி பறக்கும்.

"குடிங்கண்ணே. உள்ள குளுந்துச்சுன்னா ஊரே குளுந்த மாதிரி" என்பான்.

குடிக்கும்போது சுகமாகத்தான் இருக்கும். ஒரு ஏப்பம் வரும், பாரம் இறங்கியதுபோல இருக்கும். விடிகாலை நாலரை மணி பஸ்ஸைப் பிடிக்க வேண்டுமே என்று உடனே படுத்துவிடுவோம். எழும்போது தொண்டை புளித்து எரியும். மருந்து வேலை செய்கிறது என்று சொல்லி அடுத்த நாள் இரண்டு டம்ளர் போடுவான்.

அவனுக்கு முன்பு குடல் எரிச்சல் நோய் இருந்தது (பரிசோதனையில் புண் எதுவும் தெரியாது, ஆனால் வயிறு இழுத்துப் பிடித்து வலிக்கும்). டாக்டர் எழுதிக்கொடுத்த பெப்பர்மின்ட் எண்ணெய் கேப்ஸ்யூலில் வலி அடங்கியிருந்தது. பாஸ்போர்ட் காப்பியோடு பத்திரமாக வைத்திருந்த மிச்சத்தை எடுத்து எனக்குக் கொடுத்துவிட்டான். எனக்குப் பெரிய மாத்திரை தொண்டையில் இறங்காது. சைட்டில் டீ நேரத்தில் ஒன்றைக் கடித்து மென்றுவிட்டேன்.

வாயில் பனி, நெஞ்சில் நெருப்பு. சாரத்தின் அடியிலேயே உட்கார்ந்துவிட்டேன். ஃபோர்மேன் வண்டியில் ஏற்றினார். யாரும் சொல்லாமலே செல்வமும் ஏறிக்கொண்டான்.

ஆஸ்பத்திரியில் ஈசிஜி (இதயத் துடிப்பின் மின்பதிவு) எடுத்தார்கள், ரத்தம் எடுத்தார்கள். டாக்டர் மலையாளி, தமிழ் நன்றாகப் பேசுவார். என்ன மருந்து சாப்பிட்டீர்கள் என்று கேட்டார். ஒன்றுமில்லை என்றேன். செல்வத்தைக் காட்டிக்கொடுக்க மனம் வரவில்லை. அவன் கதவோரம் ஹெல்மெட்டைக் கையில் உருட்டிக்கொண்டு நின்றான்.

"நான்தான் டாக்டர் குடுத்தேன், என்னோட மாத்திரைய. டீயும் நான்தான். அண்ணனுக்கு ஹார்ட்டுல ஏதும் ஆயிருச்சா?"

டாக்டர் ஈசிஜி தாளை மேசையில் வைத்தார். "ஹார்ட்டுக்கு ஒண்ணுமில்ல. நீ கொடுத்தது நல்ல மருந்துதான். வேற ஆளோட மருந்து, அவ்வளவுதான்."

பிறகு விளக்கினார். உணவுக்குழாய் இரைப்பையில் சேரும் இடத்தில் கதவுபோல ஒரு தசை வளையம் இருக்கிறது. பெப்பர்மின்ட் தசையைத் தளர்த்தும். இழுத்துப் பிடிக்கும் குடலுக்கு அந்தத் தளர்ச்சி நிம்மதி. எனக்கோ அந்தக் கதவு ஏற்கெனவே சரியாக மூடாதது. எனக்கு இருப்பது அமில எதிர்க்களிப்பு (இரைப்பை அமிலம் மேலேறி வருவது). கேப்ஸ்யூலின் மேலுறை குடலுக்குப் போய்த்தான் கரைய வேண்டும். அதை மெல்லக் கூடாது, உடைக்கக் கூடாது. அமிலத்தைக் குறைக்கும் மருந்தோடு சேர்த்து விழுங்கவும் கூடாது. பித்தக்கல் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் டாக்டரைக் கேட்காமல் எடுக்கவே வேண்டாம்.

லீவுக்குப் போகும்போது பெப்பர்மின்ட் எண்ணெய் பாட்டில் வாங்கிப் போகிறோம் இல்லையா, அதைக் கைக்குழந்தையின் மூக்கருகே தடவிவிடாதீர்கள். மூச்சு முட்டும். இன்னொன்று: நெஞ்சு வலியைக் கேஸ் என்று நீங்களே தீர்ப்பு எழுதாதீர்கள். எனக்கு இதய நோய் இல்லை என்று சொன்னது ஈசிஜியும் ரத்தப் பரிசோதனையும்தான், நான் இல்லை.

மூன்று நாள் ஓய்வு, பிறகு பழைய வேலைக்கே போகலாம் என்று எழுதிக்கொடுத்தார். அந்தத் தாளை நான் நாலு தடவை படித்தேன். திரும்பி வந்து கேம்ப் வாசலில் இறங்கியதும் செல்வம் சொன்னான்.

"உங்களக் கொல்லப் பாத்தேனேண்ணே."

"கொல்றவன் எவன்டா டீய ஆத்திக் குடுப்பான்?"

ஆறு வாரம் மாத்திரை. சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் நடுவே மூன்று மணி நேரம் வேண்டும் என்றார் டாக்டர். செல்வம் மெஸ்ஸில் எல்லாரிடமும் பேசி, எங்கள் அறை சமைக்கும் முறையை முதலில் போட வைத்தான்; அதனால் சீக்கிரமே சாப்பிட்டுவிடுகிறோம். முன்பெல்லாம் என் ஒவ்வொரு நாளையும் பஸ்தான் நடத்தியது. இப்போது அந்த மூன்று மணி நேரம் நடத்துகிறது. உடம்புக்குள் ஒரு சின்னக் கதவு இருப்பதை இந்த வயதில்தான் தெரிந்துகொண்டேன். ஷூ லேஸ் கட்ட இப்போது குனிவதில்லை. காலை ஸ்டூலில் தூக்கி வைத்துக் கட்டுகிறேன்.

பெப்பர்மின்ட் டீயை அவன் மட்டும் குடிக்கிறான். முதல் ஆவியை என் பக்கம் ஊதிவிட்டு, எனக்கு வெந்நீர் ஆற்றித் தருகிறான்.

தலைமாட்டை உயர்த்திப் படுக்கச் சொல்லியிருந்தார்கள். செல்வம் கீழ்க்கட்டிலை எனக்கு விட்டுக்கொடுத்துவிட்டு, கட்டிலின் தலைப்பக்கக் கால்களுக்கு அடியில் சாரப் பலகைத் துண்டுகளை வைத்தான். இரட்டைக் கட்டில் அல்லவா, மேலே படுக்கும் அவனும் சரிந்துதான் படுக்க வேண்டும். தினமும் நான் கண் விழிக்கும்போது, வழுக்கி இறங்கிய அவன் கால்கள் இரண்டும் மேல்கட்டிலின் கம்பியைத் தாண்டித் தொங்கிக்கொண்டிருக்கும். அந்தக் கால்களைத் தட்டி அவனை எழுப்புவதுதான் இப்போது என் முதல் வேலை.