பாண்டியராஜின் வலது கன்னம்

தூத்துக்குடித் துறைமுகத்தில் இறங்கும் சரக்குக்குக் கஸ்டம்ஸில் தாள் போட்டு விடுவித்துக் கொடுப்பது பாண்டியராஜின் தொழில். எங்கே செய்தது, எந்தத் தேதி, பெட்டிக்குள் என்ன, எல்லாம் எழுத்தில் இருந்தால்தான் தொடுவார். பேரில் ஓர் எழுத்து பிசகியதற்காக ஒரு கன்டெய்னர் முந்திரிக்கொட்டையை ஒன்பது நாள் வெயிலில் கிடக்க விட்டவர். அதைப் பெருமையாக வேறு சொல்லிக்கொள்வார்.

அப்பேர்ப்பட்ட மனிதர் சறுக்கியது சம்பந்தியால். மகள் வேல்விழியின் நிச்சயதார்த்தப் போட்டோவில், மாப்பிள்ளையின் அப்பா விஜயராஜ் மாப்பிள்ளைக்கு அண்ணன் மாதிரி நின்றார். சம்பந்திகள் இருவருக்கும் ஒரே வயது, ஐம்பத்தாறு. பாண்டியராஜுக்கோ மூக்கோரத்திலிருந்து வாய்வரை இரண்டு பக்கமும் வாய்க்கால் வெட்டியிருந்தது. போட்டோவைச் செல்போனில் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்து மனிதர் பாதியாகிப்போனார். கல்யாண ஆல்பத்திலாவது மானம் காக்க வேண்டும். இருபது நாள்தான் இருந்தது.

மணப்பெண் அலங்காரம் பேச அழகு நிலையத்துக்குப் போனவரிடம், அதை நடத்தும் பேபிதான் பேச்செடுத்தாள்.

"அண்ணாச்சி, இந்தக் கோட்டுக்கு ஒரு ஊசி இருக்கு. பில்லர்னு சொல்லுதாங்க, உள்ள போயி பள்ளத்த நிரப்பிரும். அரை மணி நேர வேலை. கொரியாச் சரக்கு, தெரிஞ்ச ஆளு பெட்டியில கொண்டாந்தது."

"டாக்டர் வேண்டாமாக்கும்?"

"நான் ரெண்டு நாள் கோர்ஸ் படிச்சிருக்கேன்லா. அந்தா சர்டிபிகேட்."

சுவரில் சட்டம் போட்டுத் தொங்கிய அந்தத் தாளைக் கண்டதும் பாண்டியராஜுக்கு நெஞ்சு குளிர்ந்துவிட்டது. மருந்துக் குப்பியின் மேல் ஒட்டியிருந்த லேபிள் கிழிந்துபோயிருந்ததையும் பார்த்தார். கேட்கவில்லை.

இடது பக்கம் சுகமாக முடிந்தது. வலது பக்கம் ஊசி இறங்கியதும் மூக்கோரம் வெள்ளைவெளேரென்று வெளுத்து, உயிர் போகிற வலி வலித்தது. ஐஸ் வைத்தால் சரியாகிவிடும் என்றாள் பேபி. வீட்டுக்கு வந்து, குளவி கொட்டிவிட்டது என்று சொன்னார் பாண்டியராஜ். மனைவி செல்வலட்சுமி பாவம், நம்பிச் சுண்ணாம்பு தடவினாள். வெட்கத்தில் மூன்று நாள் முடங்கிக் கிடந்து, தோல் கறுத்துக் கொப்புளம் கட்டிய பிறகே ஆஸ்பத்திரிக்குப் போனார்.

"மருந்து ரத்தக்குழாய்க்குள்ள போய் அடைச்சிருக்கு," என்றார் டாக்டரம்மா. "கண்ணுக்குப் போற குழாயா இருந்தா பார்வையே போயிருக்கும். சில மருந்தைக் கரைக்க ஊசி இருக்கு, அதுவும் உடனே வந்திருக்கணும். சிலிகான்னா கரையாது. என்ன போட்டாங்க? கம்பெனி பேரு, பேட்ச் நம்பர், ஏதாவது தாள் இருக்கா?"

தாள் இருக்கிறதா என்று பாண்டியராஜைப் பார்த்துக் கேட்டார்கள்.

கரைக்கும் ஊசியைப் போட்டுப் பார்த்தும், ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்குச் சதை செத்துக் குழியாகிவிட்டது.

கல்யாணத்தன்று வலது கன்னத்தில் பிளாஸ்திரியோடு மேடையேறினார். வந்தவர்கள் எல்லாம் குளவியைத் திட்டினார்கள். போட்டோவுக்கு நிற்கும்போது மச்சினி செல்லக்கனி பக்கத்தில் வந்து கிசுகிசுத்தாள்.

"அத்தான், எங்கிட்ட மறைக்காதிய. இடது பக்கம் வழுவழுன்னு இருக்கே. பேபிகிட்டதான போட்டிய? நானும் திங்கக்கிழம வாரேன்னு சொல்லியிருக்கேன்."

குளவி மறுபடியும் நாக்கு நுனிவரை வந்தது. தான் வாயை மூடிக்கொண்டிருந்ததால்தான் பேபி இன்னும் ஊசி போட்டுக்கொண்டிருக்கிறாள் என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது. அவமானத்தைவிட அது அதிகமாகச் சுட்டது. கேமரா பார்த்துக்கொண்டிருக்கும்போதே பிளாஸ்திரியைப் பிய்த்தார்.

"நல்லாப் பாரு ஏளா. குளவியும் இல்ல, ஒண்ணும் இல்ல. பேபி போட்ட ஊசிதான் இது. என்ன மருந்துன்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது."

மேடையில் நின்றவர்கள் ஓரடி பின்வாங்கினார்கள். செல்லக்கனி கண்ணை மூடிக்கொண்டாள். விஜயராஜ் மட்டும் மெல்ல நெருங்கி வந்தார். வழவழப்பான தன் கன்னத்தின் மேல் அவர் கை இருந்தது.

"சம்பந்தி," என்றார் தணிந்த குரலில், "என்ன மருந்துன்னு நானும் கேக்கலியே."