சரோஜா கேட்ட மறுப்பு

சரோஜா போய்விட்டாள் என்று பசுந்தாங்கில் அவள் வீட்டிலிருந்து போன் வந்தபோது பருப்பு களைந்துகொண்டிருந்தேன். காலையில் கோர்ட்டுக்குக் கிளம்பும்போதே மாரடைப்பாம். எனக்கு முதலில் அழுகை வரவில்லை, பயம்தான் வந்தது. இனி ஏதாவது என்றால் யாரிடம் ஓடுவது?

கோர்ட்டில் பர்மியப் பேரோடும் மரியாதையோடும் அவள் டோ சந்தா. பபேடானில் தமிழர் நமக்கெல்லாம் வக்கீல் சரோஜா. நான் அவளுக்குப் பத்து வயது மூத்தவள், மூன்றாவதோடு படிப்பை விட்டவள். ஆனால் நடந்த எதையும் மறக்கிறவள் இல்லை.

எங்கள் வடைக்கடை பேர் பேஸ்புக்கில் நாறியது உங்களுக்குத் தெரியும். வண்டு விழுந்த பருப்பைப் புறாக்களுக்குப் புண்ணியமாகப் போகட்டும் என்று கடையின் பக்கவாட்டு வாசலில் தட்டில் வைப்போம். யாரோ அந்தத் தட்டைப் படம் எடுத்து, இந்தப் பருப்பில்தான் இங்கே வடை சுடுகிறார்கள் என்று பொய்ப் பேரில் போட்டுவிட்டார்கள். மூன்றே நாளில் வியாபாரம் படுத்தது. கல்யாண ஆர்டர் இரண்டு கைவிட்டுப் போனது. கடையை மூடிவிடலாம் என்றான் மகன்.

எனக்குச் சந்தேகமே இல்லை. சந்தில் எதிரே மொஹிங்கா என்ற மீன்குழம்பு நூடுல்ஸ் விற்கும் டோ ஏ என்பவள்தான். ஒரு மழைக்காலம் முழுக்கத் தன் கூரைத் தண்ணீரை என் வாசலில் விட்டவள் வேறென்ன செய்வாள்? மருமகள் வசந்தியை உட்காரவைத்து, பொறாமையில் பொய் பரப்புகிறாள் என்று டோ ஏ பேரையும் படத்தையும் போட்டு எங்கள் கடையின் பேஸ்புக் பக்கத்தில் எழுதவைத்தேன். பிறகுதான் சரோஜாவிடம் போனோம்.

இரண்டையும் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினாள்.

"அக்கா, டோ ஏ போட்டத நீங்க கண்ணால பாத்தீங்களா?"

"பாக்கணுமா? அவ மூஞ்சியே சொல்லுது."

"மூஞ்சிய சாட்சிக்கூண்டுல ஏத்த முடியாது. உங்களப் பத்தி எழுதினது யாருன்னே தெரியல. நீங்க எழுதினதுல பேர், கடை, போட்டோ எல்லாம் இருக்கு. இப்ப கேஸ் போட வசதி அவங்களுக்குத்தான்."

அங்கேயே எங்கள் பதிவை அழிக்கவைத்தாள். அந்தப் பொய்ப் பேர்ப் பதிவைத் தேதியோடு படம் பிடித்து வைத்தாள். பேஸ்புக்கில் முறையிட்டு எடுக்கச் சொல்லலாம், நோட்டீஸ் விட்டு மறுப்பும் மன்னிப்பும் கேட்கலாம், நஷ்டஈட்டுக்கு சிவில் வழக்குப் போடலாம், கடைசியாகப் போலீஸ் இருக்கிறது, அதில் ஆளுக்குச் சிறையும் வரும் என்றாள்.

"ஸ்டேஷனுக்கே போவோம்" என்றான் மகன்.

"தம்பி, இந்தக் காலத்துல அவங்க கதவ நீ தட்டினா, நாளைக்கு அவங்க உன் கதவத் தட்டி வீட்ல எத்தன பேருன்னு எண்ணுவாங்க. தட்டற வரைக்கும்தான் அது உன் கேஸ்."

பட்டாளத்துக்கு ஆள் பிடிக்கும் வயதில் வீட்டில் பேரன் இருக்கிறான். மகன் ஸ்டேஷன் பேச்சை விட்டுவிட்டான்.

அந்தப் பொய்ப் பேருக்கே பேஸ்புக் வழியாக நோட்டீஸ் அனுப்பினாள், தட்டில் புறாக்கள் கொத்துகிற படத்தையும் சேர்த்து. எட்டு நாள் போன் சத்தம் கேட்டாலே வசந்தியை எடுத்துப் பார்க்கச் சொல்வேன். ஒன்பதாம் நாள் பதில் வந்தது. இன்சீனிலிருந்து வந்து வடை வாங்கிப் போகும் ஒரு பெண். தட்டைப் பார்த்துத் தப்பாக நினைத்துவிட்டாளாம். படத்தை எடுத்து, மறுப்பும் போட்டாள். ஆட்கள் மெல்லத் திரும்பினார்கள். சிலர் இன்றுவரை வரவில்லை.

"அந்தப் பொண்ணு மறுப்பு போட்டுச்சு, நீங்க?" என்றாள் சரோஜா.

"நாந்தான் அழிச்சிட்டேனே."

"அழிச்சா மறுப்பு ஆகாதுக்கா. யார் காதுல போட்டீங்களோ, அவங்க காதுல திருப்பிப் போடணும்."

"முதல்ல அவ கூரையத் திருப்பட்டும்."

சிரித்தாள். ஆனால் விடவில்லை. அதற்குப் பிறகு வடை வாங்க வரும்போதெல்லாம் "போட்டாச்சா?" என்பாள். நான் எண்ணெயைப் பார்த்துக்கொண்டு நிற்பேன்.

சாவு வீட்டுக்கு டோ ஏ எனக்கு முன்பே வந்திருந்தாள். என்னைக் கண்டதும் பாயில் நகர்ந்து இடம் விட்டாள். உட்கார்ந்தேன்.

அந்தத் தண்ணீரை நான் மறக்கமாட்டேன். அது வேறு. சரோஜாவிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது நான் பதில் சொல்லாத அந்தக் கேள்விதான். அன்று என் பொய்யைப் படித்த நீங்கள்தான் இதையும் படிக்கிறீர்கள். வசந்தி இதைப் பர்மிய மொழியிலும் கடைப் பக்கத்தில் போடுவாள். எங்கள் கடையைப் பற்றி எழுதியது டோ ஏ இல்லை. நான் பார்க்காமல் சொன்னேன்.